மூக்கன் போயிட்டு வந்த கதை

தருவைப்பட்டியில யாரும் யாரையும் வெறுமனே 'போ'ன்னு சொல்ல மாட்டாவ, அதை முதல்ல தெரிஞ்சுக்கிடுங்க, ஏன்னா இந்தக் கதை முழுசும் அந்த ஒத்தை எழுத்துலதான் மாட்டிக்கிட்டுக் கிடக்கு. பால்காரரையும் 'போயிட்டு வாரும்'னுதான் அனுப்புவாவ, தபால்காரரையும் அப்படித்தான், ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டு வந்தவனையும் அப்படித்தான், ஏன், கருவாட்டைக் கவ்விட்டு ஓடுத நாயைக்கூட 'போயிட்டு அப்புறமா வா சவமே'ன்னுதான் விரட்டுவாவ. கிளம்புதவனும் 'போறேன்'னு சொல்லிற மாட்டான், 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுத்தான் படி இறங்குவான். துட்டி வீட்டுக்கு வந்தவிய மட்டும்தான் ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போவாவ. செத்த வீட்ல போயி மறுபடி வாரேன்னு சொல்லப்படாதுல்லா.

இப்படிப்பட்ட ஊர்ல, பெண்கள் பள்ளிக்கூடத்துப் பழைய லேப்ல, பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைக மூணு பேரு மதுரைப் போட்டிக்காக ஒரு ரோபோ செஞ்சாளுவ. மோட்டாருக்கும் வயருக்கும் ஜெரோலின். சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நூருன்னிசா. அதுக்குப் புத்தி சொல்லிக் குடுக்குத புரோகிராமுக்குப் பிரம்மசக்தி, சத்தின்னு கூப்பிடுவாவ. சத்திக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாது. பரீட்சை எழுதும்போதுகூட பெஞ்சுக்கு அடியில கால் ரெண்டும் நடந்துக்கிட்டே இருக்கும். 'கால்ல சக்கரமாட்டி கட்டியிருக்கு'ன்னு பெத்தவளே வைவா.

வழிகாட்டுததுக்கு ரெண்டு பேரு. ஒருத்தி அருப்புக்கோட்டையில இருந்து வந்த அறிவியல் டீச்சர் சௌடேஸ்வரி. இன்னொருத்தரு கிரில் பட்டறை அருளப்பன் அண்ணன். ரெண்டு பேருக்கும் ஒத்து வந்ததே கெடையாது. டீச்சர் ஸ்கேல வச்சு மூணு தடவை அளப்பாவ, அண்ணன் ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டே அளப்பாரு, கடைசியில ரெண்டும் ஒரே அளவா வந்தா ரெண்டு பேருக்கும் கோவம் வரும். காரு வைப்பர் மோட்டார் ரெண்டு, பட்டறையில மிஞ்சுன அலுமினியச் சட்டம், பந்தைக் கவ்வ முன்னால நீளமா ஒரு கை, இதுதான் ரோபோ. போட்டிக்கு எழுதிக் குடுக்குத பாரத்துல பேரு கேட்ட எடத்துல ஜெரோலின் 'தண்டர்'னு எழுதினா. ஊரு அந்தக் கையைப் பாத்துட்டு 'மூக்கன்'னு வச்சுது. ஊரு வச்ச பேருதானே நிக்கும்.

வாயால சொன்னதை அது கேட்டு நடக்கணும், அதான் அந்தப் போட்டியோட விசேசம். சத்தி மைக்கைப் பிடிச்சு 'எடு', 'போடு', 'திரும்பு', 'நில்லு'ன்னு ஒவ்வொண்ணாப் பதிஞ்சா. போகச் சொல்லுத எடம் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, 'போயிட்டு வா'ன்னு பதிஞ்சா.

"ஏட்டி, போன்னா போதாதா?" நூருன்னிசா கேட்டா.

"அது மூஞ்சியப் பாத்து வெறும் போன்னா சொல்லுவாவ?"

நூருன்னிசா மூக்கனைப் பாத்தா. "அதுவும் சரிதான்"னா.

டீச்சர் வரி வரியா சரி பாத்தாவ, புள்ளி கமா விடாம. அண்ணனும் தன் பங்குக்குக் காது குடுத்துக் கேட்டாரு. ரெண்டு பேரும் அந்த வார்த்தையைத் தாண்டிப் போனாவளே ஒழிய, ஒரு தப்பும் தட்டுப்படல. வேற பாஷைக்காரன் எவனாவது பாத்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பான்.

சத்திக்கு அந்த எழுத்து வாயில வராததுக்கு வேற காரணமும் உண்டு. நாலு வருசத்துக்கு முன்ன அவ அக்கா முத்துக்கனி, பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடைவிளையில லோடு வண்டி ஓட்டுத ஒருத்தனைத்தான் கட்டுவேன்னு நின்னா. வேற சாதிப் பையன். அப்பா சித்திரைவேல், மாவு மில்லுக்காரரு, அதிர்ந்து பேசாத மனுசன், அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாரு. அக்கா பையைத் தோள்ல போட்டுக்கிட்டு, அழுதுக்கிட்டே, பழக்க தோசத்துல 'போயிட்டு...'ன்னு வாயெடுத்தா. 'போ!'ன்னாரு அப்பா. மீதி வார்த்தை அவ தொண்டையிலயே நின்னுட்டு. பக்கத்துல பன்னெண்டு வயசுச் சத்தி கொய்யாப்பழத்தைக் கடிச்ச வாயோட நின்னா. அந்தப் பழத்தை இன்னும் முழுங்கலன்னே அவளுக்குத் தோணும். அன்னையில இருந்து அந்த வீடு துட்டி வீடு மாதிரி ஆயிட்டு. அம்மா மட்டும் தினம் ஒரு ஆளுக்குக் கூடுதலா உலையில அரிசி போடுவா, யாரும் ஏன்னு கேக்க மாட்டாவ.

சரி, மூக்கனுக்கு வாரேன். ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி இடைவேளையில, சத்தி முதல் தடவையா 'போயிட்டு வா'ன்னா. மூக்கன் லேப் வாசலைத் தாண்டி, சரிவுல இறங்கி, பள்ளிக்கூட கேட்டைக் கடந்து, தேரிச் செம்மணல்ல சக்கரத் தடம் பதிச்சுக்கிட்டு ரோட்டோட போயிட்டு. பிள்ளைக பின்னாலயே ஓடிப் பாத்துட்டு, வெயில் தாங்காம திரும்பி வந்தாளுவ. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு அது வந்துச்சு. பின்னால ஸ்க்ரூ டிரைவரோட வந்தாரு எலக்ட்ரீசியன் செல்லையா. மூணு வருசத்துக்கு முன்ன லேப் ஃபேனைப் பாதி கழட்டித் தொங்க விட்டுட்டு 'ஒரு நட்டு வாங்கப் போயிட்டு வாரேன்'னு போனவரு.

"வந்துட்டீரா?"ன்னு டீச்சர் கேட்டாவ.

"சொல்லிட்டுத்தானே போனேன்"னு ஏணியில ஏறினாரு செல்லையா. ஃபேன் ஓடிச்சு. ஒரு பயலும் ஆச்சரியப்படல. நட்டு கெடைக்க நாளாகும்தான்னு பேசிக்கிட்டாவ.

அப்புறம் என்ன, ஊருக்கு விசயம் பிடிபட்டுப் போச்சு. யாரெல்லாம் இந்த ஊரை விட்டு 'போயிட்டு வாரேன்'னு சொல்லிப் போனாவளோ அவியளையெல்லாம் மூக்கன் கூட்டிட்டு வரும், சத்தி பேரைச் சொல்லி அனுப்பினாப் போதும். துபாய்ல இருந்து ஒருத்தரு வேலை உடுப்போட, கையில ஸ்பேனரோட வந்து, மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டு, 'லீவு சொல்லாம வந்துட்டேனே'ன்னு பதறிக்கிட்டே திரும்பினாரு. பொண்ணு பாத்து பஜ்ஜி தின்னுட்டு 'வீட்ல கலந்துக்கிட்டு வாரோம்'னு போன மாப்பிள்ளை பதினெட்டு வருசம் கழிச்சு, நரைச்ச தலையோட வந்து, 'எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அம்மாவுக்குத்தான் பிடிக்கல'ன்னான். அந்தப் பொண்ணு, இப்ப மூணு பிள்ளைக்குத் தாய், 'எனக்கும்தான் ஒன்னையப் பிடிக்கல, போயிட்டு'ன்னு ஆரம்பிச்சு, 'வா'வை அப்படியே கடிச்சு முழுங்கிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்னு ஆறு வருசத்துக்கு முன்ன போன செம்பகத்தம்மா வீட்டுக்காரரு, செத்தவருதான், அவரும் வந்து கருப்பட்டிக் காப்பி குடிச்சு, கட்டிலுக்கு அடியில கிடந்த தன் செருப்பை மாட்டிக்கிட்டு, துட்டி வீட்டு முறைப்படி ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போனாரு. 'சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாவ'ன்னு செம்பகத்தம்மா டம்ளரைக் கழுவி வச்சா. 'போன மச்சான் திரும்பி வந்தான் பூ மணத்தோட'ன்னு டீக்கடையில ஒருத்தரு ஒவ்வொரு ஆளு வரும்போதும் சொல்லி, கடைசியில அவரைக் கண்டாலே ஊரு எரிச்சல்பட்டுச்சு. பஸ்காரன் மூக்கனைப் பாத்தா ஹாரன் அடிக்காம பின்னாலயே உருட்டிட்டு வருவான்.

ஆனா சந்தோசம் மட்டும் வரல கேட்டியளா, ஒரு தவிப்பும் கூடவே வந்துட்டு. ஊரே எந்திரிச்சு நின்னுது. யாருக்கு எப்ப யாரு வருவான்னு தெரியாதே, உக்காந்தா வந்தவன் தாண்டிப் போயிட்டா? நின்னுக்கிட்டே தின்னாவ, நின்னுக்கிட்டே பீடி சுத்தினாவ, சர்ச்சுல முழங்கால் போடாம நின்னுக்கிட்டே செபம் சொன்னாவ, அடுப்புல சோறு அடி பிடிச்ச வாடை தெரு முச்சூடும் அடிச்சுது. வேற ஊர்ல இருந்து வாக்கப்பட்டு வந்த பொம்பளைகளுக்கு இன்னொரு பயம்: நாமளும் நம்ம அம்மாகிட்ட போயிட்டு வாரேன்னுதானே சொல்லிட்டு வந்தோம், அங்கன எவளாவது ஒரு மூக்கனைச் செஞ்சுட்டா? சௌடேஸ்வரி டீச்சருக்கு போர்டுல எழுதும்போதே கால் அருப்புக்கோட்டைப் பக்கமாத் திரும்பி நிக்கும்.

இத்தனை பேரையும் கொண்டாந்த மூக்கன், சத்தி கேட்டதை மட்டும் கொண்டாரல. தினம் முதல் ஆளா அவதான் அதுகிட்டக் குனிஞ்சு, 'ஓடைவிளை, முத்துக்கனி, போயிட்டு வா'ன்னு சொல்லுவா. அதுவும் கிளம்பும். ஆறாவது கிலோமீட்டர் கல்லு வரைக்கும் போகும். அங்கன நின்னு மூக்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டும். அப்புறம் வெறுங்கையாத் திரும்பி வந்துரும். பதினேழு நாள் அப்படித்தான். பதினெட்டாம் நாள் சத்தி கூடவே நடந்து போயி, அந்தக் கல்லுகிட்ட நின்னு யோசிச்சுப் பாத்தா. பன்னெண்டுல பாதி ஆறு. அக்கா பாதிதான் சொன்னா, அதனால இது பாதி வழிதான் போவுது. மீதிய வெட்டினவருதான் சேக்கணும்.

இதுக்குள்ள போட்டி நெருங்கிட்டு. போட்டி விதி என்னன்னா, பந்தையெல்லாம் கூடையில போட்ட பெறவு, கடைசியா ரோபோ களத்தோட எதிர் மூலைக்குப் போயி, பத்து நொடி அங்கனயே நிக்கணும். மூக்கன் எங்க நிக்கும்? போன வேகத்துல திரும்பி சத்தி காலடிக்கு வந்துரும்.

"ஒரு வார்த்தைதான் சத்தி, 'போ'ன்னு மாத்திரு"ன்னு டீச்சர் சொன்னாவ.

"மாத்துனா பெறவு யாரையும் கொண்டாராது டீச்சர்."

"கொண்டாந்தது போதும்ட்டி!" ஜெரோலின் கத்தினா. "மூணு மாசமா வெரலைச் சுட்டுக்கிட்டு நான் வயரு வயராப் பத்த வச்சது, ஊருக்கு ஆள் கூட்டிட்டு வாரதுக்கா? எனக்கு ஜெயிக்கணும். வேற எதுலயும் நான் ஜெயிச்சதில்ல."

அவ சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. அருளப்பன் அண்ணன் சரியா இருந்த ஒரு போல்ட்டைக் கழட்டி மறுபடி மாட்டினாரு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மாத்திருதேன்னு சத்தி வாக்குக் குடுத்தா.

வெள்ளிக்கிழமை காலையில அவ மில்லுக்குப் போனா. பெல்ட்டு ஓடுத சத்தத்துல காது அடைச்சுது. அப்பா தலை, புருவம், மீசையெல்லாம் மாவு. அவரு தலையைத் தூக்காம, எல்லார்கிட்டயும் கேக்குத மாதிரி, "என்ன திரிக்கணும்?"னு கேட்டாரு.

"நான்தாம்ப்பா. அக்கா பாதி சொல்லிட்டா. மூக்கன் பாதி வழியில வந்து நிக்கி. நீங்க ஒரே ஒரு 'வா' சொன்னாப் போதும்."

அவரு கொட்டுத மாவை ரெண்டு வெரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பாத்தாரு. நைசா வரலன்னு கல்லை இறுக்கினாரு.

"நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமாட்டி?"ன்னாரு.

"அள்ளிப் பாத்தியளா?"

அவரு அடுத்த வாளியைக் கவுத்தினாரு. சத்தி லேப்புக்கு வந்து, கண்ணைத் தொடச்சுக்கிட்டே, 'போயிட்டு வா'வை அழிச்சா. அந்த எடத்துல 'போ'ன்னு தட்டினா. வாயால சொல்லிப் பாக்கல, மதுரையில சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டா.

மூக்கனை ஏத்த மில்லு லோடு ஆட்டோதான் தோதா இருந்துச்சு, அதனால சனிக்கிழமை அதிகாலையில ஓட்டிட்டு வந்ததும் சித்திரைவேல்தான். மதுரையில ஒரு கல்லூரியோட பெரிய கொட்டகை. வெள்ளைக் கோடு போட்ட களம், சுத்திக் கயிறு, அறுபது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. தருவைப்பட்டி முறை வந்துச்சு, மூணு நிமிசம். 'எடு'ன்னா சத்தி, மூக்கன் எடுத்துச்சு. 'போடு'ன்னா, போட்டுச்சு. ஒம்பது பந்தும் கூடையில. அதுவரைக்கும் ஆடினதுல அதுதான் அதிகம். நூருன்னிசா ஜெரோலின் கையை நசுக்கிக்கிட்டு நின்னா. இன்னும் நாப்பது நொடி இருக்கு. இனி எதிர் மூலைக்குப் போகணும், நிக்கணும், கப்பு அவியளுக்குத்தான்.

சத்தி மைக்கை வாய்கிட்டக் கொண்டு போனா. தொண்டையில அந்தக் கொய்யாப்பழம் வந்து நின்னுச்சு.

"சொல்லுட்டி"ன்னா ஜெரோலின்.

மூக்கன் மூக்கைத் தூக்கி அவளையே பாத்துச்சு. அது அவ குரலுக்கு மட்டும்தான் பழகினது, வேற யாரு சொன்னாலும் அசையாது. முப்பது நொடி. உதடு கூடுது, சத்தம் வரல.

"சத்தி, தகரம்ட்டி அது! சொல்லித் தொலை!"ன்னு ஜெரோலின் கத்தினா.

கயித்துக்கு அந்தப் பக்கம் சித்திரைவேல் நின்னுக்கிட்டிருந்தாரு. தான் ஒருநாள் யோசிக்காமத் துப்பின எழுத்து, சின்ன மவ தொண்டையில முள்ளாக் குத்தி நிக்கிததைப் பாத்தாரு. நாலு வருசமா மில்லுச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிருந்த மனுசன், அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல கயித்தைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்தாரு.

"சொல்லாத தாயி. அந்த எழுத்து ஒனக்கு வேண்டாம், அது என்னோட தொலையட்டும்." அப்புறம் அவ பக்கம் பாக்காம, மூக்கன் பக்கமும் பாக்காம, கொட்டகை வாசல்ல யாரோ பையோட நிக்கிதது மாதிரி அங்க பாத்து, குரல் ஒடைஞ்சு சொன்னாரு: "கனி... போயிட்டு வா மக்கா."

அழிச்ச வார்த்தை அது, மூக்கன் புத்தியில இல்லாத வார்த்தை. பழகாத குரலு அது. ஆனாலும் மூக்கன் திரும்புச்சு. எதிர் மூலையை விட்டுட்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, நடுவர் மேசைக்கு இடையில பூந்து, வாசல் வழியா வெளியேறி, தெக்குப் பாத்த ரோட்டுல ஏறிட்டு. விசில் அடிச்சாவ. களத்தை விட்டு வெளியேறினதால தகுதி நீக்கம்னு மைக்ல சொன்னாவ.

ஜெரோலின் தரையில உக்காந்து அழுதா. "ஒன் வீட்டுக் கதைக்கு எங்க கப்பைத் தின்னுட்டியேட்டி"ன்னா. மூக்கன் இல்லாத லோடு ஆட்டோவுல எல்லாரும் ஊர் திரும்பினாவ, ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு.

ஞாயித்துக்கிழமை சௌடேஸ்வரி டீச்சருக்கு அவுக அம்மா போன் பண்ணினாவ: "உங்க பள்ளிக்கூடத்து சாமான் ஒண்ணு நம்ம தெரு வழியாப் போகுது, நீ எப்ப வர்ற?" திங்கக்கிழமை எட்டையபுரம் தாண்டினதாச் சொன்னாவ. பேட்டரி ரெண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும்னு ஜெரோலினுக்குத் தெரியும், அவ யாருகிட்டயும் சொல்லல. செவ்வாக்கிழமை தருவைப்பட்டியில ஒருத்தரும் கீழ உக்காரல. மத்தியானம் மூணு மணிக்குப் பஸ் கண்டக்டர் போன் போட்டான்: "ஆறாவது கல்லுல நிக்கி. மூக்கை ஆட்டுது. பின்னால ஒரு பொம்பளையும் பிள்ளையும்... இரிங்க, இரிங்க, தாண்டிட்டு! கல்லைத் தாண்டிட்டு!"

நாலரை மணிக்குத் தேரி மண்ணு ஒட்டின சேலையோட, ரெண்டு வயசுப் பொம்பளைப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, முத்துக்கனி மில்லு வாசல்ல வந்து நின்னா. தெருவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. பெல்ட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. சித்திரைவேலுக்கு வாய் தன்னால, பழக்கத்துல, "என்ன திரிக்கணும்?"னு கேட்டுட்டு.

"ஒண்ணும் கொண்டாரலப்பா"ன்னா முத்துக்கனி.

அவரு மோட்டாரை நிறுத்தினாரு. அந்த மில்லு பகல்ல ஓயாம ஓடினது, அது நின்னதும் தெருவுல குருவிச் சத்தம் கேட்டுச்சு. மாவுக் கையோட பேத்தி கன்னத்தைத் தொட்டாரு, அஞ்சு வெரலும் வெள்ளையாப் பதிஞ்சுது. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. அம்மா நாலு வருசமா மிஞ்சின அந்த ஒரு ஆள் சோத்தைப் பெசஞ்சு உருட்டிக் குடுத்தா, அழுதா, வஞ்சா, மறுபடி உருட்டினா. பிள்ளை, கன்னத்து மாவு ஒட்டின கையால, கூடவே வந்து நின்ன மூக்கனோட மூக்கைப் பிடிச்சுத் தொங்குச்சு.

முத்துக்கனி தங்க முடியாது, அஞ்சே முக்கால் பஸ்ஸுக்குத் திரும்பணும், அங்க அவ வீடு இருக்கு, அவ புருசன் வண்டியை விட்டுட்டு வந்து பாத்துக்கிட்டிருப்பான். எந்த வாசல்ல அன்னைக்கு நின்னாளோ அதே வாசல்ல வந்து நின்னா. "போயிட்டு..."ன்னா. சொல்லு அங்கனயே நின்னுட்டு. நாலு வருசத்துப் பழக்கம்.

"முழுசாச் சொல்லு மக்கா"ன்னாரு சித்திரைவேல். "வெட்ட மாட்டேன்."

"...வாரேன்ப்பா."

"வா"ன்னாரு அவரு.

சத்தி ஒரு தடவை எச்சில் முழுங்கினா. தொண்டையில ஒண்ணும் இல்ல.

பஸ் தேரி வளைவுல மறையுத வரைக்கும் பாத்துட்டு, தெரு அப்படியே, நின்ன நின்ன எடத்துல, படியிலயும் மணல்லயும் உரல் மேலயும் உக்காந்துச்சு. இத்தனை நாள் நின்ன கால் வலி அப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. மூக்கன் மட்டும் நின்ன எடத்துல நின்னுது, அதுக்கப்புறம் அது யாரையும் கொண்டாரல. கையைக் கட்டிக்கிட்டு நின்ன ஜெரோலின் கடைசி ஆளா வந்து, கொஞ்சம் தள்ளி, சத்தி பக்கத்துல உக்காந்தா.

"அடுத்த வருசம் புரோகிராம் நான்தான் எழுதுவேன்"னா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே.

"எழுது."

"'போ'ன்னுதான் பதிவேன்."

"பதி."

ஜெரோலின் மூக்கனைப் பாத்தா. பேத்தியோட மாவுக் கை அந்த மூக்குல அப்படியே பதிஞ்சிருந்துச்சு.

"சவம், வெறும் 'போ' எதுக்கு, 'மூலையில போயி உக்காரு'ன்னு பதிஞ்சாலும் திரும்பாம அங்கனதானே இருக்கும்"னா.